இடது ஓரம் மட்டும் ஏன் மங்கல்? 24-70 லென்ஸோடு பல வருடம் பழகியதில் தெரிந்தது

24 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 70 மி.மீ. நெருக்கக் காட்சி வரை ஜூம் ஆகும் 24-70 எஃப்/2.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துளை, அதாவது அப்பர்ச்சர், பெரிது) ஷார்ப்பாக இல்லை என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பக்கம், எத்தனை மி.மீ.யில்? "மொத்தமாவே சாஃப்ட்டா இருக்கு" என்றால் பெரும்பாலும் ஃபோகஸ் தவறியிருக்கும், இல்லாவிட்டால் கை ஆடியிருக்கும். ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் மட்டும் கரைந்து போயிருந்தால்தான் லென்ஸைச் சந்தேகப்பட வேண்டும். என்னுடையது இரண்டாவது ரகம்.

வாங்கிய புதிதில் இது கண்ணில் படவில்லை. அப்போது 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் உள்ள கேமரா) பாடி. எடுத்தது பெரும்பாலும் முகங்கள். 70 மி.மீ.யில் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்தால் இமை முடியை எண்ணலாம். 45 மெகாபிக்சல் மிரர்லெஸ்ஸுக்கு மாறியபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. நூறு சதவீதத்தில், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையில் ஒரு பிக்சல் என்று, பார்க்கும்போது அதே படம் நீளவாக்கில் சுமார் 1.4 மடங்கு பெரிதாகத் தெரியும். குறைகளும் அதே அளவுக்குப் பெரிதாகும். 24 மி.மீ.யில் எடுத்த ஒரு குழுப்படத்தில் வலது கோடியில் நிற்பவரின் சட்டைக் கட்டம் நூல் நூலாகத் தெரிகிறது. இடது கோடியில் நிற்பவருக்குச் சட்டை இருக்கிறது, கட்டம் இல்லை. எஃப்/5.6-இலும் அதே கதைதான்.

டிஎஸ்எல்ஆர் காலத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட். ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பதியும் சென்சார் தனி என்பதால் இரண்டுக்கும் நடுவே வரும் முன்பின் வித்தியாசத்தை அது சரிசெய்யும். ஜூமில் அகலக் கோடிக்கு (இங்கே 24 மி.மீ.) ஒரு எண், டெலி கோடிக்கு (70 மி.மீ.) வேறு எண் என்று வைக்கும் வசதியும் சில பாடிகளில் உண்டு. மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் அந்தத் தலைவலி ஏறக்குறைய ஒழிந்தது. ஆனால் இடது ஓரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லென்ஸுக்குள்ளே ஒரு கண்ணாடி வில்லை மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருந்தால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. இதைத்தான் டீசென்டரிங் என்கிறார்கள்.

சோதிக்கிறேன் என்று செங்கல் சுவர் முன்னால் போய் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால்கூட ஒரு பக்கச் செங்கல் கிட்டே வந்துவிடும். அப்புறம் பழி லென்ஸ் மேல். அதைவிடத் தொலைவில் இருக்கும் ஒரே பொருளை, ஒரு கோபுரமோ பெயர்ப்பலகையோ, இடது ஓரத்தில் வைத்து ஒன்று, வலது ஓரத்தில் வைத்து ஒன்று என எடுத்து ஒப்பிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் அந்தப் பொருளின் மேலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். எந்த ஃபோகஸிலும் தெளியாமல் ஒரு பக்கம் இழுத்தாற்போல நின்றால் மையம் விலகல். அங்கே ஃபோகஸ் செய்ததும் தெளிந்துவிட்டால் ஃபோகஸ் தளம் சாய்ந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. வெயில் ஏறிய நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம்; தூரத்துப் பொருள் வெப்பக் காற்றில் நெளியும், எந்த லென்ஸும் மோசமாகத்தான் தெரியும்.

சுவர்தான் வசதி என்றால் ட்ரைபாடில் கேமராவைத் தலைகீழாக மாட்டி இன்னொரு படம் எடுங்கள். சட்டகத்தின் அதே பக்கம் மறுபடியும் மங்கலாக இருந்தால் குறை கருவியில். பக்கம் மாறினால் நீங்கள் நின்ற கோணத்தில். அதே பாடியில் வேறு லென்ஸ் போட்டும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மவுண்ட்டோ (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சாரோ சாய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். எனக்கு வேறு லென்ஸ்களில் இரண்டு ஓரமும் சமமாக வந்தன.

இரண்டு ஓரமும் சமமாக மங்கினால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. இந்த வகை ஜூம்களில் பலவற்றுக்கு 24 மி.மீ.யில் ஃபோகஸ் தளம் தட்டையாக இருக்காது, கிண்ணம்போல வளைந்திருக்கும். நடுவில் ஃபோகஸ் செய்தால் ஓரம் அந்தத் தளத்துக்கு முன்னாலோ பின்னாலோ விழும். அப்பர்ச்சரைக் குறுக்கினால் பெருமளவு மறையும். அதற்காக எஃப்/16 வரை போனால் டிஃப்ராக்‌ஷனில் (சிறு துளையில் புகும் ஒளி பரவுவது) மொத்தப் படமுமே கொஞ்சம் மழுங்கும். எஃப்/8 பக்கம் நின்றுகொள்வது நல்லது. மட்டமான யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சர்வீஸ் சென்டர் படலம் சுவையானது. முதல் முறை "ஓரம் சாஃப்ட்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். "எல்லாம் அளவுக்குள்ளதான் சார் இருக்கு" என்று துடைத்துத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட அளவு என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு வரம்பு. அடுத்த முறை இடம், வலம் படங்களோடு எத்தனை மி.மீ., என்ன அப்பர்ச்சர், எவ்வளவு தூரம் என எல்லாவற்றையும் எழுதி, பாடியையும் சேர்த்துக் கொடுத்தேன். இந்த முறை திறந்து சரிசெய்தார்கள். 24-இல் இடது ஓரம் எழுந்து வந்துவிட்டது. ஆனால் 70 மி.மீ. எஃப்/2.8-இல் வலது ஓரம் முன்பிருந்ததைவிட லேசாகக் கீழே போனது.

ஜூமில் இது அதிசயமில்லை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே கண்ணாடித் தொகுதிகள் தனித்தனியாக நகர்கின்றன. ஒரு கோடிக்கு ஒத்து வரும் சரிசெய்தல் மறுகோடிக்கு ஒத்து வர வேண்டும் என்பதில்லை. 70-இல் நான் எடுப்பது முகங்கள். ஓரத்தில் இருப்பது எப்படியும் ஃபோகஸுக்கு வெளியே. அதனால் இந்தப் பேரம் எனக்குக் கட்டுப்படியாகிறது. கட்டடம் எடுப்பவருக்கு வேறு கணக்கு.

பல வருட உபயோகத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நீளும் குழாயுள்ள லென்ஸ்களில் முன்பகுதி மெல்ல மெல்லத் தளரும். விரலால் அசைத்தால் துளி ஆட்டம் புதிதிலேயே இருக்கலாம், அது பரவாயில்லை. ஜூம் வளையம் ஓரிடத்தில் இறுகுவது, மேல்நோக்கிப் பிடிக்கும்போதும் நேராகப் பிடிக்கும்போதும் ஓரம் வேறுவேறாக வருவது, இவை இரண்டும் தேய்மானத்தின் அறிகுறி. கேனான் 2002-இல் கொண்டுவந்த 24-70-இல் குழாய் நீள்வது 24 மி.மீ. பக்கம், ஆனால் பெரிய ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு), நீளும் குழாயில் இல்லாமல் லென்ஸின் உடம்பிலேயே மாட்டும். எங்காவது இடித்தால் அடி முதலில் ஹூட்டில்தான் விழும். எல்லா லென்ஸிலும் அந்த அமைப்பு கிடையாது. ஆகவே பையில் வைக்கும் முன் குழாய் எங்கே குறுகுகிறதோ அங்கே கொண்டுவந்து வைப்பது பழக்கமாகிவிட்டது.

புதிதாக வாங்குபவர் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் 24, 35, 50, 70 நான்கிலும், எஃப்/2.8-இல் ஒன்றும் எஃப்/5.6-இல் ஒன்றுமாக இடமும் வலமும் பார்த்துவிடுங்கள். இடமும் வலமும் சமமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஓரம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் சரி. நடு கத்திபோல் இருந்து ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்தால், விமர்சனங்களில் அந்த மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் கிடைத்திருந்தாலும், கடைக்காரரிடம் வேறு பீஸ் கேளுங்கள்.