31 வாரத்தில் பிறந்த பேரனும் காரைக்குடி மகப்பேறு மருத்துவமனையும்

தலைப்பிரசவத்துக்காகப் பள்ளத்தூருக்கு வந்திருந்த என் மகளுக்கு 31 வாரம் நிறைந்த அன்று மாலையே இடுப்பு வலி தொடங்கிவிட்டது. அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் அதைச் சூட்டு வலி என்று சொல்லி, ஓய்வெடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து போவதைக் கவனித்த என் தாயார், "ஆத்தா, இது சூட்டு வலி இல்லை, வண்டியைக் கூப்பிடு" என்று சொன்ன பிறகுதான் காரைக்குடிக்குப் புறப்பட்டோம்.

அங்கே எங்களைச் சேர்த்துக்கொண்ட மகப்பேறு மருத்துவமனையைப் பற்றியே எழுதுகிறேன். அறை சிறியது, உடன் தங்குபவர் படுக்க ஒரு பெஞ்சுதான். அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மகளைப் பரிசோதித்த மருத்துவர், முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை 6 மில்லிகிராம் ஊசியாகப் போடச் சொன்னார். சிஸ்டர் ஊசி போட்ட கையோடு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் இரவு 9.40, காலை 9.40, மறுபடி இரவு, மறுபடி காலை என்று நான்கு வேளைகளையும் எழுதிக் கட்டம் போட்டார். ஒவ்வொரு வேளையும் போட்டு முடித்ததும் ஒரு கட்டத்தில் கையெழுத்து விழுந்தது. ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை. மருந்து வேலை செய்ய அவகாசம் வேண்டும் என்பதால், வலியைத் தள்ளிப்போட நிஃபெடிபின் மாத்திரையும் கொடுத்தார்கள்.

குழந்தைக்கு எதற்கு ஸ்டீராய்டு என்று நான் பதறிக் கேட்டபோது மருத்துவர் நின்று விளக்கினார். "ஆச்சி, ஈர வாழையிலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, குறைமாதக் குழந்தையின் நுரையீரல் காற்றறைகளும் மூச்சை விட்டதும் அப்படித்தான் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்." ஒட்டாமல் காப்பது சர்பாக்டன்ட் என்னும் வழவழப்பான பொருள், அது போதிய அளவு சுரப்பதற்கு ஏறத்தாழ 34, 35 வாரமாகும். நிறைமாதம் நெருங்கும்போது குழந்தையின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்னும் ஹார்மோன் பெருகி, சர்பாக்டன்ட் சுரக்கும் செல்களை முதிரச் செய்வதோடு நுரையீரலில் தேங்கியுள்ள நீர் உறிஞ்சப்படவும் உதவுகிறது. அந்த வேலையைத்தான் இந்த ஊசி முன்கூட்டியே தொடங்கிவைக்கிறது.

ஆஸ்துமாவுக்கு நான் சாப்பிட்டிருக்கும் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையே போதாதா என்றும் கேட்டேன். நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி கார்டிசாலையும் பிரெட்னிசோலோனையும் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடுகிறது. டெக்ஸாமெத்தசோனும் அதைப் போன்ற பீட்டாமெத்தசோனும் அதற்குத் தப்பிக் குழந்தையை அடைகின்றன என்றார். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டின் கருவுக்கு ஸ்டீராய்டு கொடுத்து ஆராய்ந்தபோது, பிழைக்க முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த குட்டி மூச்சு விட்டதைக் கண்டு, குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து அதைத் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் வெளியிட்ட மருத்துவம் இது என்பதையும் அவரே சொன்னார். இரவு பதினொரு மணிக்கு, அடுத்த நோயாளி காத்திருக்க, இவ்வளவையும் பொறுமையாகச் சொன்ன மருத்துவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். என் மகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை உண்டு. இந்த ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதல் இரவு பரிசோதிக்கவில்லை. காலையில் நான் கேட்ட பிறகே பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 190 இருந்தது. அதன்பின் இன்சுலின் போட்டு வேளை தவறாமல் பார்த்தார்கள் என்றாலும், அதைக் கேட்டுப் பெறும் நிலை ஒரு தாய்க்கு வரக்கூடாது.

நான்காவது ஊசியும் முடிந்த அன்று இரவு பேரன் பிறந்தான்; எடை 1,550 கிராம். ஆண் ஹார்மோன்கள் நுரையீரல் முதிர்ச்சியைச் சற்றுத் தாமதப்படுத்துவதால் ஆண் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல் என்று முன்பே எச்சரித்திருந்ததால், அவன் அழும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. மெலிதாக, ஆனால் தெளிவாக அழுதான். மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவியில் இரண்டு நாள் இருந்தான், வெண்டிலேட்டர் தேவைப்படவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மகளின் மார்போடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்துக்கொள்ளப் பழக்கினார்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரத்தில் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனைக்கு அங்கே வசதியில்லை. அதற்கு மதுரைக்குப் போக வேண்டிய தேதியை, வீட்டுக்கு அனுப்பும் சீட்டின் மேலேயே, அதே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள்.