ஒரே எழுத்துக்கூட்டு, பல மொழிகள்: ஆங்கில விக்சனரி பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரே எழுத்துக்கூட்டு வெவ்வேறு மொழிகளில் என்னென்ன பொருள் தருகிறது என்று அறிய விரும்புவோருக்கு, நான் பயன்படுத்திய அகராதிகளுள் ஆங்கில விக்சனரியையே முதலில் பரிந்துரைப்பேன். 2002 டிசம்பரில் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் தொகுக்கப்பட்டு வரும் இந்தக் கட்டற்ற அகராதியின் அடிப்படை ஏற்பாடே அதற்குக் காரணம். வழக்கமான அகராதியில் ஒரு மொழிக்கு ஒரு நூல் என்பது முறை. இங்கோ ஓர் எழுத்துக்கூட்டுக்கு ஒரு பக்கம். அந்த எழுத்துக்கூட்டு எந்தெந்த மொழிகளில் சொல்லாக வழங்குகிறதோ, அந்தந்த மொழிகளுக்கெல்லாம் அதே பக்கத்தில் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்படுகின்றன. ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் பேசப்படும், இலத்தீன் வழி வந்த கட்டலான் மொழியை மையமாக வைத்தே இந்த அகராதியை நான் எடைபோடுகிறேன். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் கிடைக்கும் கவனம் கிடைக்காத ஒரு மொழியை ஓர் அகராதி எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும் என்பது என் எண்ணம்.

எஸ், ஓ, என் ஆகிய மூன்று எழுத்துகளும் சேர்ந்து வரும் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது மகன். கட்டலானிலோ, 'சோம்னுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்ச்சொல். ஆண்பாலாக வரும்போது உறக்கத்தையும், பெண்பாலாக வரும்போது தூக்கம் கண்ணைக் கட்டும் உணர்வையும் குறிக்கிறது. அதே மொழியில், உறவுப் பெயர்களுக்கு முன்னால் 'அவனுடைய', 'அவளுடைய' என்ற பொருளிலும் அந்த எழுத்துக்கூட்டே வரும். பிரெஞ்சில் இந்த உடைமைப் பொருளோடு ஒலி, தவிடு ஆகிய பொருள்களும் உண்டு. ஸ்பானிய மொழியில் அது 'இருக்கிறார்கள்' என்னும் வினை. கியூபாவின் புகழ்பெற்ற இசைவகை ஒன்றின் பெயரும் அதுவே. துருக்கியத்தில் முடிவு, வியட்நாமியத்தில் செஞ்சாயம். இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில் கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே படிக்கலாம். ஒவ்வொரு பொருளும் எந்த வேரிலிருந்து வந்தது என்பதைச் சொற்பிறப்புக் குறிப்பு பிரித்துக் காட்டுவதால், தற்செயலாக ஒன்றுபோல் அமைந்தவை எவை, உண்மையான உறவினர் எவை என்பது தெளிவாகிறது. கட்டலான், பிரெஞ்சு இரண்டிலும் உள்ள உடைமைச் சொல் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ஆங்கில மகனுக்கோ துருக்கிய முடிவுக்கோ அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. மொழி ஒப்பீட்டில் ஆர்வம் உள்ளவருக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைப்பது அரிது.

ஆனால் அந்த உறவைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் வாசகரிடமே விடப்பட்டிருக்கிறது. பல மொழிகளுக்குப் பொதுவான குறியீடுகள் முதலிலும், ஆங்கிலம் அடுத்தும், மற்ற மொழிகள் அவற்றின் ஆங்கிலப் பெயரின் அகரவரிசையிலும் வருகின்றன. தேடுவதற்கு இது வசதிதான். எனினும் இலத்தீன் வழி வந்த மொழிகள் ஒரே இடத்தில் தொகுதியாக நிற்காமல், இடையிடையே வேற்றினத்து மொழிகள் புகுந்துவிடுகின்றன. வேரின்படி அடுக்கிக் காட்டும் மாற்றுத் தோற்றம் ஒன்று இருந்தால் இந்தக் குறை தீரும்.

இதைவிட முக்கியமான குறை, எல்லாப் பொருளும் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்வது. டி, ஐ, டி என்று எழுதப்படும் கட்டலான் சொல் கைவிரலையும் குறிக்கும், கால்விரலையும் குறிக்கும்; தமிழின் 'விரல்' அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், விளக்கமும் இரண்டாகப் பிளந்தே ஆக வேண்டியிருக்கிறது. கட்டலானிலும் தமிழிலும் இல்லாத ஒரு பிரிவு, இடைமொழியின் காரணமாக நடுவில் முளைத்துவிடுகிறது. ஆகவே தமிழ் வாசகர்கள் ஆங்கில இணைச்சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் சொற்பிறப்பையும் படித்த பிறகே பொருளை முடிவுசெய்ய வேண்டும் என்று வற்புறுத்துவேன். அதே எழுத்துக்கூட்டு கட்டலானிலும் பிரெஞ்சிலும் 'சொல்லப்பட்டது' என்றும், டச்சு மொழியில் 'இது' என்றும், ஆங்கிலத்தில் மோர்ஸ் குறியீட்டின் குற்றொலி என்றும் பொருள்படும் என்பதையும் அங்கேயே காணலாம்.

ஓ, எஸ் என்னும் இரண்டெழுத்துச் சொல் வேறொரு சோதனையை வைக்கிறது. கட்டலானில் எலும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து கரடியைக் குறிக்கும் சொல்லைப் பிரித்துக் காட்ட, கரடியின் உயிரெழுத்து மேல் ஒரு குறி இடுவது நெடுங்கால வழக்கம். அந்த மொழிக்கு எழுத்து விதிகளை வகுக்கும் கட்டலான் ஆய்வு நிறுவனம் 2016-இல் ஒப்புதல் அளித்து 2017-இல் நூலாக வெளியிட்ட எழுத்துமுறைச் சீர்திருத்தம், இவ்வகை வேறுபாட்டுக் குறிகளைப் 15 சொற்களுக்கு மட்டும் நிறுத்திக்கொண்டது. கரடி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இன்று எலும்பும் கரடியும் எழுத்தில் ஒன்றே. எலும்பில் ஓகார ஒலி திறந்தும் கரடியில் மூடியும் ஒலிக்கும் வேறுபாடு பேச்சில்தான் உண்டு. விக்சனரியில் குறியுள்ள வடிவமும் குறியற்ற வடிவமும் வெவ்வேறு பக்கங்கள் என்பதால், சீர்திருத்தத்துக்கு முந்தைய நூலைப் படிப்பவர் ஒரு பக்கத்துக்கும், புதிய செய்தித்தாளைப் படிப்பவர் இன்னொரு பக்கத்துக்கும் செல்வார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் ஒத்த வடிவங்களுக்குத் தரப்படும் இணைப்புகளின் அருமை இங்கேதான் புரிகிறது. அவற்றைக் கவனிக்காமல் கடந்துவிட வேண்டாம். (இதே இரண்டெழுத்து டேனிய மொழியில் 'எங்களை', டச்சில் எருது, ஆங்கில மருத்துவ வழக்கில் எலும்பு அல்லது உடலுறுப்பின் வாய்.)

யாரும் திருத்தக்கூடிய அகராதி என்பதால் பதிவுக்குப் பதிவு ஆழம் மாறுபடுகிறது. ஒரு கட்டலான் சொல்லுக்கு மத்திய, பலேரிக், வலென்சிய வட்டார உச்சரிப்புகள் மூன்றும் தரப்பட்டிருக்கும். அடுத்த சொல்லுக்கு ஒற்றைச் சொல் விளக்கத்தோடு பதிவு முடிந்துவிடும். அத்தகைய இடங்களில் கட்டலான் ஆய்வு நிறுவனத்தின் அகராதியை நான் துணைக்கு அழைக்கிறேன். 2007-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வட்டார வழக்குகளுக்கு, அல்கோவேர், மோல் என்னும் மொழியறிஞர்கள் உருவாக்கி 1962-இல் நிறைவுற்ற பத்துத் தொகுதிப் பேரகராதியும் இணையத்தில் உள்ளது. இவை இரண்டும் கட்டலானைக் கட்டலானிலேயே விளக்குவதால், மொழியில் ஓரளவு பழக்கம் ஏற்பட்ட பிறகே பயன்படும். அதுவரை விக்சனரியில் தொடங்கலாம். அங்கே கிடைக்கும் இலத்தீன் வேரைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னர் இந்தப் பேரகராதிகளில் சரியான பதிவைக் கண்டுபிடிப்பது எளிதாகும்.