கவாலா துறைமுகத்தில் மீன் சாப்பிடும் முன் தராசைப் பாருங்கள்

வடக்கு கிரீஸின் கவாலாவில், துறைமுகத்தை ஒட்டிய உணவகங்களில் பில் மூன்று மடங்காக வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மெனுவில் மீனுக்கு நேரே 60 என்று போட்டிருக்கும். அது தட்டு விலை இல்லை, கிலோ விலை. சில கடைகளில் 100 கிராமுக்கு விலை போட்டிருப்பார்கள். அந்த எண் சின்னதாகத் தெரிவதால் இன்னும் ஆபத்து.

பரிசாரகர் பனிக்கட்டித் தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டுவார், அல்லது கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப் போவார். "இருவருக்கு நல்லதாக நானே எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 1.3 கிலோ மீனை அவர் எடுத்தால், கிலோ 60 யூரோ கணக்கில் அந்த ஒரு மீனுக்கே 78 யூரோ. இருவருக்கு 600, 700 கிராம் தாராளம். மீனை நீங்களே தேர்ந்தெடுங்கள். "போஸோ ஸியீஸி?" (எடை எவ்வளவு?) என்று கேட்டு, உங்கள் கண் முன்னால் பச்சையாக நிறுக்கச் சொல்லுங்கள். எடையையும் தொகையையும் எழுதி வாங்கிய பிறகே மீன் சமையலறைக்குப் போகட்டும். குடலை எடுத்ததும் எடை குறையும், தணலில் நீர் வற்றி இன்னும் குறையும். அதனால் தட்டில் வந்த மீனைக் காட்டி "இது 1.3 கிலோ இல்லையே" என்று யாராலும் வாதாட முடியாது. ஏமாற்றுபவர்களுக்கு வசதியே அதுதான்.

சிங்கி இறால் போட்ட மக்கரோனியிலும் இதே சிக்கல். இறாலின் எடைக்குத்தான் விலை. விலையைக் கேட்காமல் ஆர்டர் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அடுத்தது "இன்று காலை பிடித்தது" என்ற பேச்சு. கவாலா உண்மையான மீன்பிடித் துறைமுகம். இங்கே மத்தியும் நெத்திலியும் (கிரேக்கத்தில் சர்தேலா, காவ்ரோஸ்) க்ரி-க்ரி எனப்படும் சுருக்குவலைப் படகுகளில் வருகின்றன. படகுக்காரர்கள் இரவில் விளக்குப் போட்டு மீனைக் கூட்டுவார்கள். நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வேலை இல்லை. பௌர்ணமியை ஒட்டிய சில நாள்கள் இந்தப் படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். பெரிய இழுவலைப் படகுகளுக்குக் கோடையில் தடைக்காலம். ஆகவே ஆகஸ்டுப் பௌர்ணமிக்கு மறுநாள் மலைபோல் குவித்து வைத்த மத்தியைக் காட்டி "இன்றைய மீன்" என்றால் நம்ப வேண்டாம். சிறு படகுகளில் வரும் மீன் அப்போதும் கிடைக்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

மெனுவில் சிபூரா (sea bream), லவ்ராக்கி (sea bass) என்று வருபவை இரண்டும் பெரும்பாலும் பண்ணை மீன்கள். தட்டில் உள்ளவை எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில், 400 முதல் 600 கிராமுக்குள் இருந்தால் பண்ணை மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பண்ணை மீன் கெட்டதல்ல. கடல் மீன் விலைக்கு விற்பதுதான் மோசடி. கணவாய், பேய்க்கணவாய், இறால் மூன்றும் உறைய வைத்தவையாக இருக்கலாம். அப்படியானால் மெனுவில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். வழக்கமாகப் பெயர் அருகே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அதன் விளக்கம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள்.

கேட்காமலே வரும் ரொட்டிக்கு ஆள் கணக்கில் காசு உண்டு. வேண்டாமென்றால் கை வைக்கும் முன் திருப்பி அனுப்புங்கள்.

பணம் கொடுக்கும்போது கையால் எழுதிய துண்டுத்தாளை ஏற்காதீர்கள். "அபோதிக்ஸி" என்று கேளுங்கள், அச்சிட்ட ரசீது வர வேண்டும். முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்பது கிரீஸ் சட்டம். அந்த வாசகம் மெனுவிலேயே அச்சாகியிருக்கும், விரலை வைத்துக் காட்டுங்கள். அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு விழும். தகராறு முற்றினால் சுற்றுலாக் காவல் 1571, நுகர்வோர் புகாருக்கு 1520. மெனுப் பக்கத்தையும், நிறுத்தபோது தராசில் தெரிந்த எண்ணையும் படமெடுத்து வைத்திருந்தால் புகார் எடுபடும்.

தராசுத் தொல்லையே வேண்டாமென்றால், வறுத்த காவ்ரோஸும் சுட்ட சர்தேலாவும் பெரும்பாலும் தட்டுக் கணக்கில் கிடைக்கும். கவாலாக்காரர்கள் சிப்பூரோ என்ற உள்ளூர் மதுவுக்குத் தொட்டுக்கொள்வதும் அவற்றைத்தான்.