முக்கால் அங்குலத் திருகாணியும் பின்வாசல் கதவும்: ஒரு பட்டறை வேலை பற்றி

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளின் பின்வாசலைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுக் கதவு, சன்னல்களைக் கெட்டிப்படுத்தும் பொறுப்பை அருகிலுள்ள ஒரு பட்டறையிடம் ஒப்படைத்தோம்.

வந்தவர் பின்கதவில் நாங்கள் 6,000 ரூபாய் கொடுத்து மாட்டியிருந்த பூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பூட்டின் நாக்கு போய் விழும் தகட்டை நிலையிலிருந்து கழற்றத் தொடங்கினார். அதிலிருந்த திருகாணி முக்கால் அங்குலந்தான். விரலாலேயே சுழன்று வந்தது, புரிகளில் கரையான் அரித்த மரத்தூள் ஒட்டியிருந்தது. "உங்க பூட்டு இதை நம்பித்தான் இருந்துச்சு சார்" என்றார். ஓங்கி உதைத்தால் பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, நிலைதான் பிளக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரித்த மரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டு பொருத்தி, ஒரு சாண் நீள இரும்புத் தகட்டை வைத்து, நிலையைத் துளைத்துச் செங்கற்சுவருக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளால் முடுக்கினார். கதவு வெளிப்புறம் திறப்பதால், கீல் ஊசியைத் தட்டிக் கழற்ற முடியாதபடி அதன் முனைகளையும் வெல்டிங் வைத்து அடைத்தார்.

சன்னல் கம்பியில்தான் சற்றுத் தயங்கினேன். 10 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்குச் சுமார் 785 கிராம், 12 மி.மீ. என்றால் 1 கிலோ 130 கிராம். கிரில்லுக்குக் கிலோக் கணக்கில் கூலி என்பதால் செலவு ஏறத்தாழ 44 சதவீதம் கூடுகிறது. ஆனால் வளையாமல் தாங்கும் வலிமை 1.7 மடங்காகிறது என்பதால் ஒப்புக்கொண்டேன். பழைய கிரில்லின் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தன; ஒரு திருப்புளி இருந்தால் யாரும் கழற்றியிருக்கலாம். புதியதன் கால்களைச் சுவருக்குள் சிமென்ட் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். தீ விபத்து நேர்ந்தால் வெளியேற வேண்டுமே என்று மனைவி வற்புறுத்தியதால், ஒரு படுக்கையறையில் மட்டும் உள்ளிருந்து திறக்கும் கிரில் வைத்தோம்.

குறை வர்ணப் பூச்சில். வெல்டிங் கசடைத் தேய்க்காமல் ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்பு அடிப்பூச்சை ஒரே கை அடித்துவிட்டுப் போனதால், உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் இணைப்புகள் துருவேறின. மூன்று முறை நேரில் போய்க் கேட்ட பிறகே ஆள் வந்தது. நீங்கள் இவ்வேலை செய்வதானால், இணைப்புகளைத் தேய்த்து இரண்டு கை பூசியதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.