இன்ச்சுக்கு அஞ்சு ரூபாய் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், உஷார்

போன மாதம் எங்கள் உறையூர் தெருவுக்கு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். “பழைய ஸ்டவ், சிங்க், ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் ஷோரூம் பீஸ் மாதிரி ஆக்கித் தரோம்க்கா.” எங்கள் எவர்சில்வர் கேஸ் அடுப்புக்கு 11 வயது. மேல்தட்டு முழுக்கக் கீறல், பர்னரைச் சுற்றிப் பால் பொங்கிக் கருகிய கறை. ரேட் என்ன என்றேன். இன்ச்சுக்கு அஞ்சு ரூபாயாம். அடுப்பு நீளம் 24 இன்ச், அப்படியென்றால் 120 ரூபாய்தானே என்று சரி சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்தபிறகுதான் அவர்களில் ஒருவர் டேப்பை எடுத்தார். நீளம் 24, அகலம் 14. “சதுர இன்ச் கணக்குக்கா. 336. ஆயிரத்து அறுநூத்தி எண்பது ஆச்சு.” அம்மா போட்ட சத்தத்தில் 1,400-க்கு இறங்கினார். பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றித் தேய்த்தார். தொண்டை கமறியது. பாத்ரூம் ஆசிட் வாடை அப்படியே. (நல்லவேளை, அன்று சிங்க்கில் பிளீச்சிங் பவுடர் போடவில்லை. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு.) அப்புறம் இரும்பு நாரால் வட்ட வட்டமாக ஒரு தேய்ப்பு, கடைசியில் ‘நானோ கோட்டிங்’ என்று ஒரு ஸ்ப்ரே. பொய் சொல்லக்கூடாது, டியூப்லைட் அதில் தெரிந்தது.

சாயங்காலம் டீ போட அடுப்பைப் பற்ற வைத்ததும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பர்னரைச் சுற்றி மஞ்சள் வளையம். நாலே நாளில் பழைய நகப்பாலிஷ் மாதிரி உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள்.

பாத்திரப் பாலிஷ் பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஆசிட் தின்னுருக்கும்மா” என்றார். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டுவதால்தான் துரு அண்டுவதில்லை. பாத்ரூம் ஆசிட்டில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துக் குழி போட்டுவிடும். நாரிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள் தன் பங்குக்குத் துருப்பிடிக்கும். அந்த நானோ சமாச்சாரம் வெறும் வார்னிஷ் ஸ்ப்ரேதான் என்று சிரித்தார்.

அவர் சொன்னபடி அடுப்பை சிலிண்டரிலிருந்து கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தின்னரால் வார்னிஷை எடுத்தேன். பிறகு 400, அதன்மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தேன், தண்ணீர் தொட்டு, தகட்டில் கம்பெனி போட்ட மெல்லிய கோடு ஓடும் திசையிலேயே. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் தனியாகத் தெரிகிறது. பேப்பருக்கு ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

உங்கள் தெருவுக்கும் வந்தால், மொத்தம் எவ்வளவு என்று முதலில் எழுதி வாங்குங்கள். பாட்டிலில் பெயர் இல்லையென்றால் அடுப்பில் ஒரு சொட்டுகூட விட விடாதீர்கள்.

வலது பக்கம் ஓரளவு தேறிவிட்டது. இடது பர்னர் பக்கம் குழிகள் அப்படியே இருக்கின்றன. விருந்தாளி வந்தால் பெரிய குக்கரை அங்கே வைத்து மறைத்துவிடுகிறேன்.