கோலாலம்பூர் நீலப் பாதைகள்: எங்கே நம்பி ஓட்டலாம், எங்கே இறங்கித் தள்ளலாம்

கோலாலம்பூரில் நீல நிறத்தில் தெரியும் சைக்கிள் பாதைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. மிட் வேலி பேரங்காடியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா சதுக்கம் வரை போகும் சுமார் 5.5 கி.மீ. தனிப்பாதை 2015-இல் திறக்கப்பட்டது. நகர மையத்தில் சாலையோரமாகச் சாயம் பூசிய பாதைகள், ஒன்பதாவது உலக நகர்ப்புற மாநாடு இங்கே நடந்த 2018-ஐ ஒட்டி வந்தவை. முதலாவதைப் பகலில் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். இரண்டாவது, நெரிசலில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மட்டும்தான். பள்ளிப் பிள்ளைகளை அதில் தனியாக அனுப்பக் கூடாது.

தனிப்பாதையின் பெரிய பலம், கார் உள்ளே வர வழியில்லை என்பது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருந்து மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நெடுஞ்சாலைச் சந்திப்புகளைத் தொடாமல் போக இதைவிட நல்ல வழி கிடையாது. கார் வராது என்றால் மோட்டார் சைக்கிளும் வராது என்று மட்டும் எண்ண வேண்டாம். நுழைவாயிலில் நடப்படும் குட்டைத் தூண்கள் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளைத் தடுக்காது. காரணம் எளிது: கப்சாயின் ஹேண்டில் அகலமும் மலைச் சைக்கிளின் ஹேண்டில் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், 70 செ.மீ. சுற்றளவில். கப்சாய் நுழைய முடியாதபடி தூண்களை நெருக்கினால் மூன்று சக்கர வண்டி, பின்னால் பிள்ளைகளை இழுத்துச் செல்லும் வண்டி, சக்கர நாற்காலி எதுவும் உள்ளே போகாது. தூண்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விட்டுவிட்டு, மோட்டாரை ஆள் வைத்துப் பிடிப்பதுதான் சரியான வழி.

தூண் விஷயத்தில் இன்னும் இரண்டு ஆபத்துகள். நடுப்பாதையில் ஒற்றைத் தூண் இருந்தால், கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் முதுகு அதை மறைத்துவிடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடிவிடுகிறோம். ஐந்து மீட்டர் இடைவெளியில் பின்தொடர்பவருக்குத் தூண் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. தூணுக்குச் சில மீட்டர் முன்பிருந்தே தரையில் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிப் போக வேண்டும். தூணில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் முன்னால் போகிறவர் "தூண்!" என்று குரல் கொடுப்பது வழக்கமாக வேண்டும். அடுத்தது, மோதிப் பிடுங்கப்பட்ட தூண். தூண் போய்விடும், அடித்தகடும் நாலு போல்ட்டும் மூன்று, நாலு செ.மீ. உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கிற தூணைவிட இதுதான் மோசம், இருட்டில் தெரியவே தெரியாது.

மழை விட்டவுடன் பாலத்தடிகளில் இறங்க வேண்டாம். தேங்கிய நீருக்குள் பள்ளம் மறைந்திருக்கும். நீர் வடிந்த பிறகு தங்கும் சேறு பாதி காய்ந்த நிலையில்தான் அதிகம் வழுக்கும். இரவில் தனியாகப் போவதையும் தவிர்க்கலாம்: வெளிச்சம் ஒரே சீராக இருக்காது, தனித்த பாதையில் உதவிக்கு ஆள் கிடைப்பதும் கடினம்.

இனி மையத்து நீலப் பாதைகள். சைக்கிள் பாதைக்கு 1.5 மீட்டர் அகலம் என்பது பரவலாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. அதன் இடப்பக்கத்தில் கார் நிறுத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். கதவு திறப்பது பாதைக்குள்தான். முழுசாகத் திறந்த கதவு ஏறத்தாழ ஒரு மீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் அரை மீட்டர், ஹேண்டில்கூட நுழையாது. ஆகவே நிறுத்திய கார்களை ஒட்டிய பாதையில் வலது கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். பின்னால் ஹாரன் அடித்தாலும் உள்ளே ஒதுங்க வேண்டாம். பாதை நடைமேடையை ஒட்டிப் போனால் பிரச்சினை திரும்பிக்கொள்ளும்: வாடகைக் காரிலிருந்து பயணி இறங்குவது இடது பின்கதவு வழியாக, நேராக உங்கள் பாதைக்குள். விளக்கு எரிய நிற்கும் கார் எதுவானாலும் கதவு திறக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் காரோட்டிகள் இவ்வளவு எளிதாக நீலத்தின் மேல் நிறுத்துகிறார்கள்? இரட்டை மஞ்சள் கோடு என்றால் நிறுத்தக் கூடாது என்பது லைசென்ஸ் எடுக்கும்போதே மனத்தில் பதிகிறது. நீலத்துக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. பக்கத்தில் மஞ்சள் கோடும் இல்லாமல், சைக்கிள் சின்னமும் தேய்ந்திருந்தால், "ஐந்து நிமிடம்தானே" என்று நிறுத்துகிறவருக்கு அது காலியான ஓரமாகத்தான் தெரியும். பாதி குற்றம் கோட்டின் மேல்தான். தொடர்ச்சியான வெள்ளைக் கோடு, நடைமேடை ஓரத்தில் இரட்டை மஞ்சள், குறைந்தது ஒவ்வொரு சந்திப்பின் இரு பக்கத்திலும் சின்னமும் அம்புக்குறியும் இருந்தால் நிலைமை நிச்சயம் மாறும்.

அம்புக்குறியைச் சும்மா சொல்லவில்லை. அது இல்லாத பாதையில் எதிரும் புதிருமாக ஓட்டுகிறார்கள். இருவழிக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் வேண்டும், 1.5 மீட்டரில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் வண்டிகள் ஓடும் தடத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட மோசம், பாதை சொல்லாமல் கொள்ளாமல் முடிவது. சந்திப்பின் வாயைக் கவனியுங்கள். நீலம் அங்கேதான் முதலில் தேய்கிறது; இடப்பக்கம் திரும்பும் லோரி, பேருந்து டயர்கள் ஒரே இடத்தில் தேய்த்துத் திரும்புவதால் சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் நிறம் பளிச்சென்று இருக்கும்போதே வளைவில் தார் தெரிந்துவிடும். சைக்கிளோட்டி நீலத்தை நம்பி நேராக வருகிறார். காரோட்டிக்கு நீலம் தெரியவில்லை, இடப்பக்கம் திரும்புகிறார். இருவரும் தங்கள் பக்கம்தான் வழி என்று எண்ணுகிறார்கள். மிக அவசியமான இடத்தில் கோடு மௌனமாகிவிடுகிறது. இதற்குப் பரிகாரம் உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது: சந்திப்புக்கு 20, 30 மீட்டர் முன்பே பின்னால் பார்த்து, கை காட்டி, பாதையை விட்டு இடது தடத்தின் நடுவுக்கு வந்துவிடுங்கள். திரும்பும் கார் உங்கள் பின்னால் நிற்கும், பக்கத்தில் வராது. பேருந்து நிறுத்தத்திலும் இதே முறைதான். நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் இடுக்கில் நுழையவே கூடாது.

சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணச் சாலைச் சாயம் மெல்லியது, வழவழப்பானது. மழையில் அதன் மேல் சாய்ந்து திரும்பினால் சக்கரம் வழுக்கும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தூசியும் எண்ணெயும் கலப்பதால் இன்னும் மோசம். உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக், சுமார் 3 மி.மீ. கனத்தில், மேலே கண்ணாடி மணிகள் தூவிப் போட்டால் நீடித்து உழைக்கும், இரவில் மின்னும். ஆனால் கண்ணாடி மணி வெளிச்சத்துக்கு மட்டும். பிடிப்புக்குக் கரடான கல்தூள் சேர்க்க வேண்டும். மழையில் நீலத்தின் மேல் முன்பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள், திருப்பத்தை நீலத்துக்கு வெளியே தாரில் முடித்துக்கொள்ளுங்கள்.

சாக்கடை மூடி இன்னொரு தனித் தலைவலி. கம்பிகள் நாம் ஓட்டும் திசையிலேயே நீளவாக்கில் இருந்து, இடைவெளி 30 மி.மீ. என்றால், 25 அல்லது 28 மி.மீ. டயர் ரிம்மோடு உள்ளே இறங்கும். சக்கரம் அங்கேயே நிற்க, ஆள் ஹேண்டிலுக்கு மேல் பறப்பார். மூடி சதுரமாக இருந்தால் 90 பாகை திருப்பி வைத்தாலே போதும், காசு செலவில்லாத வேலை. செவ்வகமாக இருந்தால் குறுக்குக் கம்பி பற்றவைக்க வேண்டும். இந்தப் பாதைகளில் ஓட்ட 32 மி.மீ.க்குக் குறையாத டயர் போடுங்கள். 38 இன்னும் நல்லது, மர வேர் தூக்கிய மேடுகளையும் தாங்கும்.

நேரமும் முக்கியம். ஞாயிறு காலை கார் இல்லாத வேளையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "பாதை அருமை" என்று முடிவுக்கு வர வேண்டாம். திங்கள் காலை எட்டு மணிக்கு அதே பாதை வேறு பாதை. சனிக்கிழமை மாலை துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கூடும், அந்த வட்டாரத்தைச் சுற்றிப் போங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா இரண்டிலும் சாமான் இறக்கும் வேன்கள் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே இறங்கித் தள்ளுவதுதான் வேகம்.

புகார் செய்வதில் பலர் தவறும் இடம், எல்லாவற்றையும் ஒன்றாக எழுதுவது. கார் நிறுத்தியிருப்பது அமலாக்கப் பிரிவின் வேலை. அந்த நேரத்திலேயே, எண் பலகை தெரியும் படத்தோடு போக வேண்டும். உடைந்த தூண், சாக்கடை மூடி, அழிந்த கோடு ஆகியவை பொறியியல் பிரிவின் வேலை. கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அடு@கேஎல் என்ற இணையப் புகார்த் தளத்தில் இரண்டையும் தனித்தனிப் புகாராகப் போடுங்கள். சாலைப் பெயர், எந்தத் திசை, பக்கத்துக் கட்டடம், விளக்குக் கம்ப எண் இருந்தால் அதுவும். படம் இரண்டு: தூரத்திலிருந்து ஒன்று, அளவுநாடாவோடு நெருக்கத்தில் ஒன்று. கோடு அழிந்ததென்று மட்டும் எழுதினால் அதே சாயத்தை மறுபடி பூசுவார்கள், அதே வளைவில் மறுபடி தேயும். "சந்திப்பின் குறுக்கே விட்டுவிட்டு வரும் கோடு தொடர வேண்டும், கல்தூள் சேர்த்த தெர்மோபிளாஸ்டிக் வேண்டும், பாதை முடியுமிடத்துக்கு முன்பே பலகை வேண்டும்" என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, முடிந்தது என்று பதில் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, முடியாவிட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டுத் திரும்ப எழுதுங்கள்.