ஆஸி ஆஸ்பார்னின் ‘ஆர்டினரி மேன்’: 71 வயதில் ஒரு ஆல்பம்

2020 பிப்ரவரியில் இது வந்தபோது ஹெவி மெட்டல் ராக் பாடகர் ஆஸிக்கு வயது 71, பார்க்கின்சன் நோய் இருக்கிறது என்று வெளியே சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்கு முந்தைய தனி ஆல்பமான ‘ஸ்க்ரீம்’ வந்து கிட்டத்தட்ட பத்து வருடம், அதனால் பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் போட்டுக் கேட்டேன். தலைப்புப் பாட்டிலேயே கவிழ்ந்துவிட்டேன். எல்டன் ஜான் பியானோ வாசிப்பதோடு கூடவும் பாடுகிறார், இரண்டு கிழவர்களும் போன வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறது, அழ வைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தே கண் கலங்குகிறது, அப்புறம் நடுவே ஸ்லாஷின் கிடார் வேறு. ‘அண்டர் த கிரேவ்யார்ட்’ மெதுவாக ஆரம்பித்து பாதியில் வேகம் பிடிக்கும்போது ஆஸியின் பழைய இசைக்குழு பிளாக் சபாத்தின் வாசனை அடிக்கிறது. டஃப் மெக்கேகன் பேஸ் கிடார், சாட் ஸ்மித் டிரம்ஸ், கேட்கவா வேண்டும்!

குறை என்றால், தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் குரலை ரொம்பவே பாலிஷ் போட்டுவிட்டார். அந்த வயதின் கரகரப்பைக் கொஞ்சம் விட்டிருக்கலாம். கடைசியில் ராப் பாடகர் போஸ்ட் மலோனின் பாட்டை ஒட்டவைத்திருப்பது எதற்கென்றே புரியவில்லை, நான் அதைத் தாண்டிவிடுவேன். ஹெட்போனில் கேளுங்கள்.